குப்பைக்குப் போக இருந்த மருந்து! — விஞ்ஞானி ஸ்டெர்ன்பாக் வாழ்க்கை

ஓயாத மனக் கவலை. நெஞ்சு படபடப்பு. இரவு முழுவதும் கண் மூடவில்லை. இப்படி வரும் நோயாளிக்கு டாக்டர் சில வேளை ஒரு சிறிய மாத்திரையை எழுதிக் கொடுப்பார்.

நோயாளி விழுப்புரத்தை அடுத்த காணையில் இருந்தாலும் சரி, அமெரிக்காவில் இருந்தாலும் சரி, அந்த மாத்திரை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். பென்சோடயாசபின் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். வாயில் நுழையாத பெயர்தான். டயசிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம் என்று சொன்னால் மருந்துக் கடைக்காரர் உடனே புரிந்து கொள்வார். மூன்றும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை குப்பைக்குப் போக இருந்தது. மேஜையைச் சுத்தம் செய்யும்போது, கடைசி நேரத்தில் தப்பியது. அதை உண்டாக்கியவர் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற விஞ்ஞானி. அவர் தந்த மாத்திரையைக் கோடிக் கணக்கான மக்கள் விழுங்கினார்கள். அவர் பெயரோ பலருக்குத் தெரியாது.

மருந்துக் கடையில் வளர்ந்த பிள்ளை

1908ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, அபாட்சியா என்ற கடற்கரை ஊரில் ஸ்டெர்ன்பாக் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஆஸ்திரியா - ஹங்கேரி ராஜ்யத்தில் இருந்தது. இன்று அது குரோஷியா நாட்டில் இருக்கிறது. ஒபாட்டியா என்று அழைக்கிறார்கள்.

தந்தை போலந்தில் இருந்து வந்த யூதர். மருந்துக் கடை வைத்திருந்தார். தாய் ஹங்கேரிக்காரர். வீட்டில் பேசிய மொழி ஜெர்மன்.

சீசாக்களும் பொடிகளும் தராசும் நிறைந்த கடையில் சிறுவன் வளர்ந்தான். ரசாயனத்தின் மீது ஆசை பிறந்தது. முதல் உலகப் போர் முடிந்தபோது அவனுக்கு வயது 10. போரில் மிஞ்சிய குண்டுகளில் இருந்து மருந்தை எடுத்து, வெடிக்க வைத்துப் பார்த்தானாம்! நல்ல வேளை, கையும் கண்ணும் தப்பின.

போரில் அந்த ராஜ்யம் சிதறியது. குடும்பம் ஊர் ஊராக இடம் மாறியது. கடைசியில் போலந்து நாட்டில் உள்ள கிராக்கோ நகருக்கு வந்து சேர்ந்தது.

ஸ்டெர்ன்பாக் ரசாயனம் படிக்க விரும்பினார். யூத மாணவர்களைப் பல்கலைக் கழகத்தில் எளிதில் சேர்த்துக் கொள்ளாத காலம் அது. ஆகவே, தந்தையின் தொழிலான மருந்தியலை முதலில் படித்துத் தேறினார். பிறகு ரசாயனத்துக்கு மாறி, 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

வீணாய்ப் போன ஆராய்ச்சி

கிராக்கோவில் அவர் ஆராய்ந்தது மருந்தை அல்ல; துணிக்குப் போடும் சாயத்தை! புதிது புதிதாகப் பல பொருள்களைச் செய்து பார்த்தார். அவற்றில் ஒரு வகை, பார்க்க அழகான படிகமாக வந்தது. ஆனால் சாயமாகப் பயன்படவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார். 20 ஆண்டு கழித்து இதே பொருள்தான் அவருக்குக் கை கொடுத்தது.

போலந்தில் யூதர்கள் மீது வெறுப்பு வளர்ந்து கொண்டே வந்தது. பல்கலைக் கழகத்தில் அவருக்கு எதிர்காலம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. 1937இல் ஓர் உதவித் தொகை கிடைத்தது. அதைப் பெற்றுக் கொண்டு வியன்னாவுக்குப் போனார். அங்கிருந்து சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிச் நகருக்குச் சென்றார். அங்கே ருசிச்கா என்ற பேராசிரியரிடம் வேலை செய்தார். இந்த ருசிச்கா 1939ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர்.

சூரிச்சில் ஒரு வீட்டில் குடியிருந்தார். வீட்டுக்கார அம்மாளின் மகள் பெயர் ஹெர்தா. இருவரும் காதலித்தார்கள்.

1940இல், பேசல் நகரில் இருந்த ஹாப்மன் லா ரோஷ் மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்போது ஐரோப்பா முழுவதும் ஹிட்லரின் படை பரவிக் கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்துக்குள்ளும் அந்தப் படை நுழையலாம் என்று எல்லோரும் அஞ்சினார்கள். நுழைந்தால், யூதர்களின் கதி என்ன?

கம்பெனி ஒரு முடிவு செய்தது. தன்னிடம் இருந்த யூத விஞ்ஞானிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1941இல் ஸ்டெர்ன்பாக் ஹெர்தாவை மணந்து கொண்டார். பிரான்சு, ஸ்பெயின் வழியாகப் புதுமணத் தம்பதிகள் போர்ச்சுக்கல் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து கப்பல் ஏறினார்கள்.

உயிர் தப்ப வழி செய்த அந்தக் கம்பெனியை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

40 தோல்விகள்

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் நட்லி என்ற ஊர் இருக்கிறது. ரோஷ் கம்பெனியின் சோதனைக் கூடம் அங்கேதான் இருந்தது. பயோட்டின் என்ற வைட்டமினைச் செயற்கையாகச் செய்யும் வழியை ஸ்டெர்ன்பாக் அங்கே உருவாக்கினார். அறுவைச் சிகிச்சையின்போது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து ஒன்றையும் கண்டார்.

1950களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு புதுமை நடந்தது. மன அமைதிக்கு என்று மில்டவுன் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ரோஷ் கம்பெனிக்கு ஆசை வந்தது. அதைவிட நல்ல மருந்து ஒன்று வேண்டும் என்று தன் விஞ்ஞானிகளுக்குச் சொன்னது.

மற்றவர்களாக இருந்தால் மில்டவுனையே கொஞ்சம் மாற்றி வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஸ்டெர்ன்பாக் அப்படிச் செய்யவில்லை. கிராக்கோவில் கைவிட்ட சாயப் பொருள் அவர் நினைவுக்கு வந்தது. அதில் இருந்து சுமார் 40 புதுப் பொருள்களைச் செய்தார். சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் மருந்துக் குணம் இல்லை!

கடைசியாக ஒரு பொருளை, மீதைலமீன் என்ற ரசாயனத்தோடு சேர்த்துப் பார்த்தார். வெள்ளைப் படிகம் கிடைத்தது. அதற்குள் மேலதிகாரிகள் பொறுமை இழந்துவிட்டார்கள். வேறு வேலையைப் பார்க்கும்படி உத்தரவு வந்தது. ஆகவே, கடைசிப் படிகத்தைச் சோதிக்காமலே ஓர் எண்ணைப் போட்டு ஒதுக்கி வைத்துவிட்டார். இது நடந்தது 1955இல்.

மேஜையைச் சுத்தம் செய்த நாள்

இரண்டு ஆண்டு ஓடியது. 1957ஆம் ஆண்டு வசந்த காலம். சோதனைக் கூடத்து மேஜைகளில் சீசாக்கள் நிரம்பி வழிந்தன. கை வைக்க இடம் இல்லை. சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். வேண்டாத சீசாக்கள் குப்பைக்குப் போயின.

ஸ்டெர்ன்பாக்குடன் வேலை செய்தவர் ஏர்ல் ரீடர். பழைய படிகம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. நல்ல தூய படிகமாக இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஸ்டெர்ன்பாக்கிடம் காட்டினார்.

இதையும் சோதித்துவிடுவோம் என்று ஸ்டெர்ன்பாக் நினைத்தார். அதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. இதுவும் தோல்வி என்று தெரிந்தால், கணக்கை முடித்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். அப்போது அவர் 50 வயதை நெருங்கிக் கொண்டிருந்தார்.

லோவெல் ரண்டால் என்ற விஞ்ஞானி அந்தப் படிகத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களில் செய்தி வந்தது. எலிகளின் தசைகள் தளர்ந்தன, பதற்றம் அடங்கியது. ஆனால் அவை மயங்கி விழவில்லை. கடிக்க வரும் முரட்டுக் குரங்குகள்கூடச் சாதுவாகி விட்டன!

ஸ்டெர்ன்பாக்குக்கு ஒரே ஆச்சரியம். முந்திய 40க்கும் இல்லாத குணம், இதற்கு மட்டும் எப்படி வந்தது? படிகத்தின் அமைப்பை ஆராய்ந்தார். விஷயம் விளங்கியது. மற்ற பொருள்களில் அணுக்கள் ஆறு மூலை வளையமாகக் கைகோத்து நின்றன. மீதைலமீன் சேர்த்ததும், இந்த ஒன்றில் மட்டும் வளையம் அகன்று ஏழு மூலை ஆகிவிட்டது. அவர் திட்டம் போட்டுச் செய்த மாற்றம் அல்ல, தானாக நடந்தது. அந்த ஏழு மூலை வளையம்தான் டயாசபின். அதோடு ஒட்டி நிற்கும் பென்சீன் வளையத்தையும் சேர்த்து, பென்சோடயாசபின் என்கிறார்கள்.

தாமே விழுங்கிப் பார்த்தார்

ஸ்டெர்ன்பாக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. தாம் செய்த மருந்தைத் தாமே தின்று பார்ப்பார். இதையும் விழுங்கினார். முழங்கால் துவண்டது. கண்ணைச் சொக்கியது. நேரத்தோடு எல்லாவற்றையும் குறித்து வைத்தார். (இன்று எந்தக் கம்பெனியும் இதற்குச் சம்மதிக்காது.)

முதலில் வயதான நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். அளவு கூடிப் போயிற்று. நோயாளிகள் தள்ளாடினார்கள், நாக்கு குழறியது. மருந்தின் கதை அத்தோடு முடிந்திருக்கும். பிறகு வேறு டாக்டர்கள் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். பதற்றம் தணிந்தது, நோயாளிகள் தெளிவாகவும் இருந்தார்கள். 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் மருந்து கடைக்கு வந்தது.

லிப்ரியம் ஒரே கசப்பு. ஸ்டெர்ன்பாக் அதன் அமைப்பில் வேண்டாத பகுதிகளை நீக்கினார். இன்னும் வலுவான ஒரு மருந்து கிடைத்தது. அதுதான் டயசிபாம். 1963இல் வேலியம் என்ற பெயரில் வெளிவந்தது.

அதற்கு முன் பார்பிட்டுரேட் என்ற தூக்க மருந்தைத்தான் பெரிதும் கொடுத்து வந்தார்கள். அதில் தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. தவறி அளவுக்கு மீறி விழுங்கியவர்கள் பலர் எழுந்திருக்கவே இல்லை. வேலியம் அந்த வகையில் மேலானது. தனியாக அதை மட்டும் விழுங்கிச் செத்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் சாராயத்தோடு சேர்ந்தால் ஆபத்து. இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும்.

விற்பனை மலைபோல் உயர்ந்தது. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்து வேலியம்தான். 1978இல் மட்டும் 230 கோடி மாத்திரைகள் விற்றன! இந்தியாவில் 1960களின் கடைசியில் ரான்பாக்சி கம்பெனி இதே மருந்தைக் கால்ம்போஸ் என்ற பெயரில் கொண்டு வந்தது. அந்தக் கம்பெனியின் முதல் பெரிய வெற்றி அதுதான்.

இவ்வளவு விற்றதே, ஸ்டெர்ன்பாக் கோடீசுவரர் ஆகியிருப்பாரே என்று நினைக்கத் தோன்றும். இல்லை! கம்பெனி வழக்கப்படி, ஒரு கண்டுபிடிப்பின் உரிமையை எழுதிக் கொடுத்தால் அவருக்கு ஒரு டாலர். அவர் பெயரில் 241 காப்புரிமைகள் இருந்தன. அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டுக் கொண்டது இல்லை.

இன்னொரு வேடிக்கை. அவர் தம்முடைய வேலியத்தை வழக்கமாகச் சாப்பிடுவது கிடையாது. மனைவி அனுமதிக்கவில்லை!

விட முடியாத பழக்கம்

மாத்திரை நல்லதுதான். ஆனால் நாள் கணக்கில் சாப்பிட வேண்டியதை மக்கள் ஆண்டுக் கணக்கில் சாப்பிட்டார்கள். டாக்டர்களும் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக் கவலையா, மாத்திரை. மாமியார் சண்டையா, மாத்திரை. பெண்களே மிகுதியாகச் சாப்பிட்டார்கள்.

பிறகு விட முடியவில்லை. திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கியது. தூக்கம் அடியோடு போயிற்று. சிலருக்கு வலிப்பே வந்தது. நெடுநாள் சாப்பிட்டவர்கள் டாக்டர் சொல்கிறபடி சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பது பிறகுதான் நன்றாகப் புரிந்தது. 1979இல் அமெரிக்க செனட் சபையில் இதைப் பற்றி விசாரணையே நடந்தது. 1984இல் ஐ.நா. சபை இந்தக் குடும்பத்து மருந்துகள் 33ஐ சர்வதேசக் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தது.

இந்தியாவிலும் கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் இன்னும் கடுமையான விதி இருக்கிறது. சீட்டு எழுதிய டாக்டர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். காணைக் கடைத்தெருவுக்கும் இதே விதிதான், சென்னைக்கும் இதே விதிதான்.

விழுப்புரம் பக்கம் பனை மரத்துக்குப் பஞ்சம் இல்லை. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. தெலுங்கானாவில் தடை இல்லை. அங்கே கள்ளுக் கடைகள் உண்டு. அந்தக் கள்ளில் ஒரு மோசடி நடந்தது. தண்ணீரைக் கலந்து, போதைக்காக அல்பிரசோலம், டயசிபாம் பொடியைச் சேர்த்து விற்றார்கள். 2015இல் அதிகாரிகள் அதைத் தடுத்தார்கள். உடனே நிஜாமாபாத் முதலிய இடங்களில் ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். கை கால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல். கள் குடித்ததாகத்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள். மாத்திரைக்கு அடிமையானது அவர்களுக்கே தெரியாது!

முதியவரின் மறைவு

1973இல் ஸ்டெர்ன்பாக் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். ஆனால் வீட்டில் உட்காரவில்லை. 90 வயதைத் தாண்டியும் நட்லி அலுவலகத்துக்குப் போய் வந்தார். பிறகு மகன் இருந்த வட கரோலினா மாநிலத்துக்குக் குடி போனார். 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி அங்கே காலமானார். வயது 97. ஹெர்தா அம்மையாரும் இரண்டு புதல்வர்களும் இருந்தார்கள்.

மனிதர் மறைந்தார். ஏழு மூலை வளையத்தின் கதை முடியவில்லை. அவர் மறைந்த சில ஆண்டுகளில் அது வேறு பாதையில் திரும்பியது.

புதுப் போலிகள்

மருந்துக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் நூற்றுக் கணக்கான பென்சோடயாசபின்களைச் செய்து பார்த்தன. சிலவே கடைக்கு வந்தன. மீதி எல்லாம் பழைய காப்புரிமைத் தாள்களிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் எழுத்தாகக் கிடந்தன. போதை வியாபாரிகள் இந்தத் தாள்களைப் புரட்டத் தொடங்கினார்கள்.

சட்டம் ஒவ்வொரு மருந்தையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. வளையத்தின் ஒரு மூலையில் குளோரின் அணு இருந்தால், அதை எடுத்துவிட்டு புரோமினை வைப்பார்கள். பொருள் புதிது, பெயர் புதிது, பட்டியலில் இல்லை! குளோனசோலம், புளுபுரோமசோலம், புரோமசோலம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஐரோப்பாவில் இப்படி 30க்கு மேற்பட்ட புதுப் பொருள்களைக் கண்டார்கள்.

இவற்றை யாரும் நோயாளிகளுக்குக் கொடுத்து அளவு பார்த்ததில்லை. வேலியம் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். குளோனசோலம் அரை மில்லிகிராமே ஆளைச் சாய்த்துவிடும். உப்புக் கல் ஒன்றைவிடச் சிறிய எடை அது. அதைத் திருட்டுத்தனமாக மாவில் கலந்து மாத்திரை அடிக்கிறார்கள். ஒரு மாத்திரையில் ஒன்றும் இருக்காது. அடுத்ததில் மூன்று மடங்கு இருக்கும்.

ஸ்காட்லாந்தில் நீல நிற மாத்திரைகளை வேலியம் என்று தெருவில் விற்றார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் எடிசோலம் என்ற வேறு பொருள். 2020இல் அந்தச் சிறிய நாட்டில் போதையால் இறந்தவர்கள் 1,339 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குச் சாவுகளில் இப்படிப்பட்ட தெரு மாத்திரைகளுக்குப் பங்கு இருந்தது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதிக்கும் சாதாரண அட்டை ஒன்று உண்டு. இந்தக் குடும்பத்து மருந்து உடம்பில் இருக்கிறதா என்று அது காட்டும். எந்த மருந்து என்று சொல்லாது. சில புதுப் பொருள்களை அது அடையாளம் காணாமலும் விட்டுவிடும்.

சரியாகத் தெரிய, பெரிய கருவி வேண்டும். மாத்திரைப் பொடியைக் கரைத்து, ஆவியாக்கி, 30 மீட்டர் நீளமுள்ள ஊசித் துளைக் குழாய்க்குள் ஓட விடுவார்கள். கலந்து கிடக்கும் பொருள்கள் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். வந்த பொருளை எலக்ட்ரான்களால் அடித்து நொறுக்குவார்கள். நொறுங்கிய துண்டுகளைக் கருவி எடை போடும். ஒவ்வொரு பொருளும் உடையும் விதம், மனிதனின் கைரேகை மாதிரி, தனித்தனி. புத்தகத்தில் உள்ள ரேகையோடு ஒப்பிட்டால் பெயர் தெரிந்துவிடும். ஆனால் புதுப் பொருளின் ரேகை புத்தகத்தில் இருக்காதே! அப்போது துண்டுகளை ஒன்று சேர்த்து, முழு வளையம் எப்படி இருந்தது என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட வேண்டும். உடைந்த வளையலைப் பொறுக்கிச் சேர்ப்பதைப் போன்ற வேலை.

பெயர் தெரிவது எவ்வளவு முக்கியம் என்று விழுப்புரம் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சிலரை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு வந்தார்கள். குடித்தவர்கள் சாராயம் என்று நினைத்தது மெத்தனால் என்பது சோதனையில் தெரிந்தது. மெத்தனாலுக்குக் கொடுக்க வேண்டிய மருந்து வேறு. மாத்திரை மயக்கத்துக்குக் கொடுக்க வேண்டியது வேறு.

புதுப் பொருள் ஒன்று இன்னதென்று தெரிந்ததும், உலக சுகாதார நிறுவனம் அதை ஆராய்கிறது. பிறகு ஐ.நா. போதைப் பொருள் கமிஷனில் ஓட்டெடுப்பு நடக்கும். 2020இல் எடிசோலத்தைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2024இல் புரோமசோலத்தைச் சேர்த்தார்கள்.

இடையில், 2021இல் சேர்த்த மூன்றில் ஒன்று டைகுளாசிபாம். ஐரோப்பாவில் 2013 வாக்கில் புதுப் போதைப் பொருள் என்று பிடிபட்டது அது. ஆனால் அது புதிது அல்ல. டயசிபாமுக்கு ஒரு குளோரின் அணுதான் கூடுதல். 1960ஆம் ஆண்டிலேயே அதை ரோஷ் கம்பெனியில் செய்து பார்த்திருந்தார்கள். கடைக்குக் கொண்டு வரவில்லை. செய்தவர்கள் ஸ்டெர்ன்பாக்கும் அவருடைய கூட்டாளிகளும்தான்! அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது அவர் இறந்து 15 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.